ஹிஜ்ரிப் புத்தாண்டும் நிய்யத்தும்

முஸ்லிம்களின் ஆண்டு நள்ளிரவில் பிறப்பதில்லை. துல்ஹஜ் மாதத்தின் இறுதி நாளன்று கதிரவன் மறைந்து, மேற்கு வானில் முஹர்ரம் பிறை தென்பட்டதும், மஃரிபு பாங்கொலியோடு அது பிறந்துவிடுகிறது. சேலம் கோட்டைப் பகுதியிலும் நாமக்கல் மலையடிவாரத்திலும் ராசிபுரத்திலும் திருச்செங்கோட்டிலும் வாழும் நம் மக்களில் பெரும்பாலோர் அந்த மாலைப் பொழுதை வேறெந்த மாலைப் பொழுதையும் போன்றே கழிக்கின்றனர். புத்தாடை இல்லை, பலகாரம் இல்லை, வாழ்த்து அட்டைகள் இல்லை. லீ பஜார் வணிகர் மூட்டைகளை எண்ணிக் கொண்டிருப்பார். செவ்வாய்ப்பேட்டைத் தொழிலாளி கொலுசுக்குப் பற்று வைத்துக் கொண்டிருப்பார். மறுநாள் பள்ளிவாசல் சுவரில் புதிய நாட்காட்டி தொங்குவதைக் கண்ட பின்னரே பலருக்கும் ஆண்டு மாறிய செய்தி தெரிய வருகிறது.

இதனை ஒரு குறையாகக் கருத வேண்டியதில்லை. நம் மார்க்கம் ஆண்டொன்றுக்கு இரண்டே பெருநாட்களை வகுத்தளித்துள்ளது. முஹர்ரம் முதல் நாளுக்கெனத் தனித்ததொரு தொழுகையையோ கொண்டாட்டத்தையோ அண்ணல் நபி (ஸல்) அவர்கள் காட்டித் தரவில்லை. ஆயினும், இந்த ஆண்டுக் கணக்கு எவ்வாறு தோன்றிற்று, ஏன் முஹர்ரத்திலிருந்து தோன்றிற்று என்பதைச் சற்று ஆராய்வோமாயின், நிய்யத் என்னும் எண்ணத்தின் மாண்பு அதனுள்ளே பொதிந்து கிடப்பதைக் காணலாம்.

கலீபா உமர் (ரலி) அவர்களின் ஆட்சிக் காலம். பஸ்ராவின் ஆளுநராயிருந்த அபூமூஸா அல் அஷ்அரீ (ரலி) அவர்கள், தங்களிடமிருந்து வரும் ஆணைகளில் நாளும் ஆண்டும் குறிக்கப்படாமையால் எது முந்தியது, எது பிந்தியது என்று அறிய இயலவில்லை எனக் கலீபா அவர்களுக்கு எழுதினார்கள். ஷஃபான் மாதத்தில் செலுத்த வேண்டிய ஒரு கடன் பத்திரம் வந்தபோது, எந்த ஷஃபான், சென்றதா, நடப்பதா, வரவிருப்பதா என்ற ஐயம் எழுந்ததாகவும் வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுகின்றனர். கடன் பத்திரம் எழுதிப் பழகிய நம் வணிகர்களுக்கு இத்தொல்லை எத்தகையது என விளக்க வேண்டுவதில்லை. ஹிஜ்ரி 17ஆம் ஆண்டளவில், அதாவது கி.பி. 638 வாக்கில், கலீபா அவர்கள் நபித்தோழர்களை ஒன்றுகூட்டி ஆலோசனை கலந்தார்கள். பாரசீகர்களின் கணக்கைக் கொள்ளலாம் என்றார் ஒருவர்; உரோமர்களின் கணக்கைக் கொள்ளலாம் என்றார் மற்றொருவர். நபிகளாரின் பிறப்பு, நபித்துவம், மறைவு ஆகியவையும் எண்ணிப் பார்க்கப்பட்டன. முடிவில் அலீ (ரலி) அவர்களின் கருத்தையொட்டி, மக்காவை விட்டு மதீனாவுக்குப் புறப்பட்ட ஹிஜ்ரத்தே தொடக்கமாக ஏற்கப்பட்டது.

ஈண்டு ஒரு வினா எழும். ஹிஜ்ரத் நடைபெற்றது ரபீஉல் அவ்வல் மாதத்திலன்றோ? பெருமானார் (ஸல்) அவர்கள் குபாவை வந்தடைந்தது கி.பி. 622 செப்டம்பரில். ஆனால் ஹிஜ்ரி முதலாண்டின் முஹர்ரம் முதல் நாள் அதே ஆண்டு ஜூலை 16. பயணத்துக்கு இரண்டு மாதங்கள் முன்னதாகவே ஆண்டு தொடங்கிவிடுகிறதே! ஹஜ்ஜை முடித்து மக்கள் ஊர் திரும்பும் மாதம் முஹர்ரம் என்பதும், அரபுகள் முன்பே அதனைத் தலை மாதமாகக் கொண்டிருந்தனர் என்பதும் ஒரு விடை. ஹதீஸ் கலையின் பேரறிஞர் இப்னு ஹஜர் அல் அஸ்கலானீ (ரஹ்) அவர்கள் தம் ஃபத்ஹுல் பாரீயில் மற்றொரு விடை தருகிறார்கள். மதீனாவாசிகள் அகபாக் கணவாயில் பைஅத் செய்து கொடுத்தது துல்ஹஜ் மாதத்தில். எழுபத்து மூன்று ஆடவரும் இரு பெண்டிரும் அந்த உறுதிமொழியில் பங்கு கொண்டனர். ஹிஜ்ரத்துக்கு அடிகோலியது அதுவே. புறப்பட வேண்டும் என்ற உறுதி பூண்ட பிறகு தோன்றிய முதற்பிறை முஹர்ரத்தின் பிறை. ஆதலின், பயணம் நிகழ்ந்த மாதத்தையன்றிப் பயணத்துக்கான உறுதி பிறந்த மாதத்தை ஆண்டின் தலைவாசலாக்கியது பொருத்தமே என்பது அவர்கள் கருத்து. நம் நாட்காட்டி ஓர் எண்ணத்திலிருந்து எண்ணப்படுகிறது!

இன்னுமோர் ஒப்புமையும் உண்டு. செயல்கள் யாவும் எண்ணங்களைப் பொறுத்தனவே, அவரவர்க்கு அவரவர் எண்ணியதே கிட்டும் என்ற கருத்தமைந்த நபிமொழியை அறியாத முஸ்லிம் இரார். இமாம் புகாரீ (ரஹ்) அவர்கள் தம் தொகுப்பின் தலையிலேயே அதனை வைத்தார்கள். இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் நாற்பது ஹதீஸ்களிலும் முதலாவது அதுவே. இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களோ கல்வியில் மூன்றிலொரு பங்கு அதனுள் அடங்கும் என்று மதிப்பிட்டார்கள். இத்துணைச் சிறப்புடைய நபிமொழியை மிம்பரில் நின்று அறிவித்தவர் யார்? ஹிஜ்ரி ஆண்டை நிறுவிய அதே உமர் (ரலி) அவர்கள்தாம். அந்நபிமொழியில் எடுத்துக்காட்டாக வருவதும் ஹிஜ்ரத்தே. அல்லாஹ்வையும் அவன் தூதரையும் நாடிப் புறப்பட்டவருக்கும், உலகப் பொருளையோ ஒரு பெண்ணையோ நாடிப் புறப்பட்டவருக்கும் வழி ஒன்று, வெயில் ஒன்று, மணல் ஒன்று. ஆனால் கூலி ஒன்றன்று. உம்மு கைஸ் என்ற பெண்மணியை மணமுடிப்பதற்காகவே ஹிஜ்ரத் செய்த ஒருவரை உம்மு கைஸின் முஹாஜிர் என்றே தோழர்கள் அழைத்து வந்தனர். இந்நிகழ்ச்சியே அந்த நபிமொழிக்குக் காரணம் என்று பயான் மேடைகளில் பலரும் கூறுவதுண்டு. அவ்வாறு கொள்ளத் தெளிவான ஆதாரம் இல்லை என இப்னு ஹஜர் (ரஹ்) அவர்கள் எழுதியிருப்பதையும் நாம் மறத்தலாகாது.

இனி, நம் வழக்கிற்கு வருவோம். “ஹஜ்ஜுக்கு நிய்யத் வைத்திருக்கிறேன் ஹளரத்”; “தாடி வைக்க நிய்யத் இருக்கிறது”; “பிள்ளையை ஓத வைக்க நிய்யத்.” இச்சொற்களை ஆண்டுதோறும் கேட்கிறோம். பத்தாண்டுகளாக ஒரே நிய்யத்தை வைத்திருப்பவர்களும் உளர். வசதி இருக்கிறது, உடல்நலம் இருக்கிறது, வழியும் திறந்திருக்கிறது. எனினும் கடவுச்சீட்டுக்குக் கூட விண்ணப்பம் எழுதப்படவில்லை. இதற்கு மார்க்கத்தின் மொழியில் நிய்யத் என்று பெயரன்று. தமன்னீ, அதாவது வெற்று ஆசை என்றே பெயர். நல்லதை எண்ணினாலே ஒரு நன்மை எழுதப்படுமன்றோ என்று அவர்கள் வாதிடுவர். உண்மைதான், நன்மையொன்றை நாடி அதனைச் செய்ய முடியாமற் போனவருக்கு ஒரு முழு நன்மையும், செய்து முடித்தவருக்குப் பத்து முதல் எழுநூறு மடங்கு வரையிலும் எழுதப்படுவதாக நபிமொழி உண்டு. ஆயினும் எது நாட்டம், எது நாட்டமன்று என்பதை அறிய ஓர் உரைகல் வேண்டாமா?

அவ்வுரைகல்லைத் தபூக் போரின் வரலாறு நமக்கு வழங்குகிறது. ஹிஜ்ரி 9ஆம் ஆண்டு, கடுங்கோடை, பேரீச்சங் கனிகள் பழுத்துத் தொங்கும் பருவம். நயவஞ்சகர் பலர் பலவிதச் சாக்குகளைக் கூறிப் பின்தங்கினர். அவர்களைப் பற்றித் திருமறையின் ஒன்பதாம் அத்தியாயம் பேசுமிடத்து, அவர்கள் மெய்யாகவே புறப்பட நாடியிருந்தால் அதற்கான ஆயத்தங்களைச் செய்திருப்பார்கள் என்ற கருத்தை இறைவன் வெளியிடுகிறான். ஆயத்தமே எண்ணத்தின் சாட்சி! அதே அத்தியாயத்தில் வேறொரு கூட்டத்தாரையும் காண்கிறோம். ஏறிச் செல்ல வாகனம் கேட்டு நபிகளாரிடம் வந்து, வாகனம் இல்லையென்று அறிந்ததும் செலவுக்கு வகையற்ற வருத்தத்தால் கண்ணீர் பெருகத் திரும்பிச் சென்ற ஏழைத் தோழர்கள் அவர்கள். படை திரும்பி வருகையில், மதீனாவில் சிலர் உளர், நீங்கள் கடந்த ஒவ்வொரு வழியிலும் பள்ளத்தாக்கிலும் அவர்கள் உங்களுடன் இருந்தனர், தக்க தடையே அவர்களை நிறுத்தி வைத்தது என்ற கருத்தில் பெருமானார் (ஸல்) அவர்கள் நவின்றார்கள். இரு சாராரும் மதீனாவிலேயே தங்கியவர்கள்தாம். ஒரு சாராரிடம் சாக்கு இருந்தது. மற்றவரிடம் கண்ணீர் இருந்தது.

ஹளரத் அபூபக்ர் சித்தீக் (ரலி) அவர்களின் ஹிஜ்ரத் நிய்யத்தைப் பாருங்கள். புறப்படும் உத்தரவு எப்பொழுது வருமென்று அவர்கள் அறியார். எனினும் இரண்டு ஒட்டகங்களை வீட்டிலேயே கட்டி, ஸமுர் என்னும் முள்மரத்தின் இலைகளை நான்கு மாதங்கள் தீனியாக அளித்து வளர்த்து வந்தார்கள். இதனை அன்னாரின் அருமை மகளார் ஆயிஷா (ரலி) அவர்களே அறிவிக்கிறார்கள். நிய்யத் என்பது அவ்வீட்டில் அன்றாடம் தீனி தின்று கொண்டிருந்தது என்றே சொல்லலாம்.

நம் மத்ரஸாக்களில் உள்ளத்தில் எழும் எண்ணத்தை ஐந்து படிகளாகப் பிரித்துப் பாடம் சொல்வது வழக்கம். உள்ளத்தில் சட்டென்று வந்து விழுவது ஹாஜிஸ். அது சற்றே உலாவினால் காத்திர். செய்வோமா விடுவோமா என்று மனம் தனக்குத் தானே பேசுவது ஹதீஸுன் நஃப்ஸ். செய்வதன் பக்கம் சாய்ந்தால் ஹம்மு. இனி மாற்றமில்லை என்று முடிச்சு விழுந்துவிட்டால் அஸ்மு. பாவமான எண்ணங்களில் முதல் நான்கையும் இறைவன் தன் கருணையால் மன்னித்து விடுகிறான். ஐந்தாவதற்கே கேள்வி உண்டு என்பது பெரும்பாலான அறிஞர்களின் முடிவு. புத்தாண்டில் நாம் எண்ணுகின்ற நல்ல காரியங்கள் எத்தனையாவது படியில் நிற்கின்றன என்பதை அவரவரே அறிவர். தவ்பாவின் நிபந்தனைகளுள் ஒன்றும் இந்த அஸ்முதான். செய்ததற்கு வருந்தி, அதனை அக்கணமே விட்டு, இனி மீள்வதில்லை என்று உறுதி பூண வேண்டும். பிறர் உரிமை சம்பந்தப்பட்டதாயின் அதனைத் திருப்பியளிக்கவும் வேண்டும்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. நிய்யத் வேறு, நேர்ச்சை வேறு. “இந்த ஆண்டு முழுவதும் வியாழன்தோறும் நோன்பு நோற்பேன்” என்று உள்ளத்தில் எண்ணினால் அது நிய்யத். அதையே “அல்லாஹ்வுக்காக என் மீது கடமையாக்கிக் கொண்டேன்” என்று நாவால் மொழிந்துவிட்டால் நேர்ச்சையாகி, நிறைவேற்றுவது கட்டாயமாகிவிடும். உற்சாகத்தில் மொழிந்துவிட்டுப் பின்னர் பரிகாரம் கேட்டு வருவோர் நிறையப் பேர். குறைவாயினும் விடாது தொடரும் செயலே இறைவனுக்கு மிகவும் உவப்பானது என்பது நபிகளாரின் போதனையாதலின், சிறிதாக எண்ணி நிலையாகச் செய்வதே அறிவுடைமை.

எங்கள் வட்டாரத்தில் நிய்யத்தின் விளைவை நாள்தோறும் கண்ணெதிரே காண்பவர்கள் லாரி ஓட்டுநர்கள். 1997ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான நாமக்கல், லாரிகளாலும் கோழிப் பண்ணைகளாலும் பெயர் பெற்றது. ஹனஃபீ மத்ஹபில் ஏறத்தாழ 48 மைல், அதாவது 77 கிலோமீட்டர் தொலைவை நாடி ஊரெல்லையைக் கடந்தவர் முஸாஃபிர் ஆவார். நான்கு ரக்அத் பர்ளை அவர் இரண்டாகச் சுருக்கித் தொழ வேண்டும். நாமக்கல்லிலிருந்து சேலம் ஏறத்தாழ 55 கிலோமீட்டர். சேலத்தை மட்டும் நாடிப் புறப்பட்டவர் முஸாஃபிர் ஆகார். அங்கே லோடு ஏற்றியபின் பெங்களூரு செல்ல நாடினாரா? சேலத்தை விட்டு வெளியேறியதும் அவர் முஸாஃபிர். செல்லுமிடத்தை நாடாமல், அடுத்த ஊரில் லோடு கிடைக்குமா பார்ப்போம் என்று ஊர் ஊராக அலைபவரோ, நாட்டையே சுற்றி வந்தாலும் முழுமையாகவே தொழ வேண்டும். சென்ற ஊரில் பதினைந்து நாட்கள் தங்க நாடினால் நான்கு ரக்அத். இன்று கிளம்புவோம், நாளை கிளம்புவோம் என்று லோடுக்காகக் காத்திருந்து மாதங்கள் கடந்தாலும் இரண்டே ரக்அத். அஸர்பைஜானில் பனியால் வழி அடைபட்ட இப்னு உமர் (ரலி) அவர்கள் ஆறு மாதங்கள் சுருக்கியே தொழுதார்கள் என்ற அறிவிப்பு இதற்குச் சான்று. ஷாஃபிஈ மத்ஹபில் நாட்களின் கணக்கு வேறு. அம்மத்ஹபினர் தம் இமாமிடம் கேட்டுத் தெளிக. சாலை ஒன்றே, சக்கரம் ஒன்றே. உள்ளத்தின் நாட்டம் மாறினால் தொழுகையின் அளவே மாறிவிடுகிறது!

வணிகர்களுக்கு இதனினும் முக்கியமான ஒன்று உண்டு. அதனைச் சற்று விரிவாகவே கூற விரும்புகிறேன். ஜவ்வரிசி வணிகர் ஒருவர் என்னிடம், “நான் ஏப்ரல் முதல் நாள் புதுக்கணக்குத் தொடங்குபவன், மார்ச் 31ல் இருப்பைப் பார்த்து நூற்றுக்கு இரண்டரை கொடுத்துவிடுகிறேன், போதுமல்லவா?” என்று வினவினார். ஜகாத்தின் ஆண்டு சந்திர ஆண்டு. அதற்கு 354 நாட்கள்தாம். சூரிய ஆண்டை விட ஏறத்தாழ 11 நாட்கள் குறைவு. 33 சூரிய ஆண்டுகளுக்குள் 34 சந்திர ஆண்டுகள் கடந்துவிடுகின்றன. எனவே வாழ்நாள் முழுவதும் மார்ச் மாதக் கணக்கிலேயே கொடுத்து வருபவர், ஏழைகளுக்குச் சேர வேண்டிய ஓர் ஆண்டு ஜகாத்தை முழுமையாகத் தம் பெட்டியிலேயே வைத்துக் கொண்டவராகிறார். அறியாமல் செய்தாலும் பாக்கி பாக்கிதானே! பிறைக் கணக்குக்கு மாறுவதே நேரிய வழி. அது அறவே இயலாதெனில், இரண்டரைக்குப் பதிலாக நூற்றுக்கு 2.577 என்று கணக்கிட்டு அந்தக் குறையை ஈடு செய்யலாம் என இக்கால அறிஞர்கள் வழி கூறியுள்ளனர்.

ஐம்பத்திரண்டரை தோலா வெள்ளியின், அதாவது சுமார் 612 கிராம் வெள்ளியின் மதிப்புக்குப் பொருள் கைவந்த நாளே ஒருவரது ஜகாத் ஆண்டின் முதல் நாள். அது முஹர்ரமாக இருக்க வேண்டுமென்பதில்லை; ரமளானாக இருக்க வேண்டுமென்பதுமில்லை. அந்நாளை மறந்துவிட்டோர் நன்கு சிந்தித்து ஒரு தேதியை உறுதி செய்துகொள்ள வேண்டும். கலீபா உஸ்மான் (ரலி) அவர்கள், இது உங்கள் ஜகாத் மாதம், முதலில் கடன்களைத் தீர்த்துக்கொள்ளுங்கள் என்ற கருத்தில் மக்களுக்கு அறிவிப்பார்கள். அம்மாதம் முஹர்ரம் என்று சிலரும் ரமளான் என்று சிலரும் கூறுவர்.

ஜகாத்திலும் நிய்யத்தே உயிர். வெள்ளிக்கிழமை தோறும் கடைவாசலுக்கு வருவோர்க்கெல்லாம் காசு கொடுத்துவிட்டு, ஆண்டிறுதியில் அவற்றைக் கூட்டி ஜகாத்தில் கழித்துக் கொள்வோர் உளர். அது செல்லாது. கொடுக்கும்போதோ, அல்லது அதற்கெனத் தொகையைத் தனியே எடுத்து வைக்கும்போதோ ஜகாத் என்ற எண்ணம் இருந்திருக்க வேண்டும். முன்பு கொடுத்தவை தர்மம். அதற்குரிய நற்கூலி உண்டு. ஜகாத்தின் பொறுப்போ அப்படியே கழுத்தில் இருக்கும். ஆண்டின் முதல் நாளிலேயே ஒரு பையோ ஒரு கணக்கேடோ தனியே வைத்து, இதிலிருந்து எடுப்பதெல்லாம் ஜகாத் என்று எண்ணிவிட்டால் இத்தொல்லை நீங்கிவிடும். கடன் வாங்குவோரும் கவனிக்க. திருப்பித் தரும் எண்ணத்தோடு பிறர் பொருளைப் பெறுபவர் சார்பாக அல்லாஹ்வே அதனை நிறைவேற்றுவான் என்றும், அழிக்கும் எண்ணத்தோடு பெறுபவரை அவன் அழிப்பான் என்றும் கருத்தமைந்த நபிமொழி உண்டு. பத்திரத்தில் கையொப்பம் இரண்டுக்கும் ஒன்றுபோலவே இருக்கும்.

எண்ணம் கெட்டால் மலையளவு செயலும் மண்ணாகும் என்பதற்கு, மறுமையில் முதன்முதல் விசாரிக்கப்படும் மூவரைப் பற்றிய நபிமொழி போதும். வீரன் எனப் பெயர் பெறப் போரிட்டவர் ஒருவர். கொடையாளி எனப் புகழ் பெற வழங்கியவர் மற்றொருவர். ஆலிம் எனப்படுவதற்காகக் கற்றுக் கற்பித்தவர் இன்னொருவர். மூவரும் நரகம் நோக்கி இழுத்துச் செல்லப்படுகின்றனர். இதனை அறிவிக்க முற்பட்ட அபூஹுரைரா (ரலி) அவர்கள் அச்சத்தால் மீண்டும் மீண்டும் விம்மி மயங்கினார்கள். பட்டியலில் ஆலிமும் இருக்கிறார் என்பதை மேடையேறும் நாங்கள் மற்றெவரினும் அதிகம் நினைவிற்கொள்ள வேண்டும். ஒரு செயலுக்கு ஒரு நிய்யத் போதும் என்றும் இருந்துவிட வேண்டாம். இமாம் கஸ்ஸாலீ (ரஹ்) அவர்கள் தம் இஹ்யா உலூமித்தீனின் முப்பத்தேழாம் நூலில், பள்ளிவாசலில் அமர்ந்திருக்கும் ஒரே செயலுக்குப் பல நிய்யத்துகளைக் கற்பிக்கிறார்கள். வெள்ளிக்கிழமை நறுமணம் பூசுவதும், சுன்னத்தைப் பேணவும் அருகில் அமர்பவர் துன்புறாதிருக்கவும் எண்ணிப் பூசினால் வணக்கமாகும். செல்வச் செருக்கைக் காட்டப் பூசினால் பாவமாகும்.

எண்ணியதை முடிக்குமுன் ஆயுள் முடிந்துவிட்டால்? மக்காவில் எஞ்சியிருந்த நோயுற்ற முதியவர் ஒருவர், ஹிஜ்ரத்தின் கடமையைப் பற்றிய வசனத்தைக் கேட்டதும் தம் மக்களை அழைத்துத் தம்மைத் தூக்கிச் செல்லுமாறு பணித்தார். மக்காவை அடுத்த தன்ஈமை அடைந்தபோதே அவர் உயிர் பிரிந்தது. மதீனா எங்கே, தன்ஈம் எங்கே! ஆனால் அல்லாஹ்வை நோக்கிப் புறப்பட்டு வழியில் இறந்தவரின் கூலி அவனிடம் உறுதியாகிவிட்டது என்னும் கருத்துடைய திருவசனம் அவர் பொருட்டே அருளப்பட்டதாக விரிவுரையாளர்கள் எழுதுகின்றனர்.

ஏன், ஆண்டின் தொடக்கத்தில் வைத்த ஒரு நிய்யத் நிறைவேறாமலேயே இம்மையை விட்டு ஏகியவர்களுள் நம் பெருமானாரும் (ஸல்) ஒருவர். முஹர்ரம் பத்தாம் நாளாகிய ஆஷூராவன்று அவர்கள் நோன்பு நோற்று வந்தார்கள். யூதர்களும் அந்நாளைச் சிறப்பிக்கிறார்களே என்று தோழர்கள் கூறியபோது, அடுத்த ஆண்டு வரை வாழ்ந்தால் ஒன்பதாம் நாளும் நோன்பு வைப்பேன் என்ற கருத்தைத் தெரிவித்தார்கள். அடுத்த முஹர்ரம் வருமுன் அவர்கள் மறைந்துவிட்டார்கள் என இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெற்றுள்ளது. அண்ணலார் ஒருமுறையும் நோற்காத அந்த ஒன்பதாம் நாள் நோன்பு, அவர்கள் எண்ணினார்கள் என்ற ஒரே காரணத்தால் சுன்னத்தாகி, ஆயிரத்து நானூறு ஆண்டுகளாக உம்மத்தால் நோற்கப்பட்டு வருகிறது.

ஒன்பதும் பத்தும் நோற்க விரும்புவோர் பிறை அறிவிப்பைக் கவனித்து நாட்களை முன்னரே குறித்துக் கொள்க. ஒன்பதாம் நாள் தவறிவிட்டால் பத்துடன் பதினொன்றைச் சேர்த்துக் கொள்ளலாம். இவை கடமையல்லாத நோன்புகளாதலின், இரவில் எண்ணத் தவறிய ஓட்டுநரோ, அதிகாலையில் முட்டை ஏற்றச் சென்றுவிட்ட தொழிலாளியோ, வைகறை முதல் எதுவும் உண்ணாமலும் பருகாமலும் இருந்திருப்பாராயின், நண்பகலுக்கு முன்னர் நிய்யத் செய்துகொண்டாலும் அந்நோன்பு நிறைவேறும்.